மாணிக்கம் மாமாவும் அரைப் பாக்கெட் சீனியும்

மாணிக்கம் மாமா போய்விட்டார். இன்று காலை, ஈப்போ ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக்.

ஸ்கூலுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அப்படியே நின்றார்.

எங்கள் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மாமா கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லோரி டிரைவர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மாரியம்மன் கோயிலில் ஆப்பிள் கேசரி செய்பவர்.

ஈப்போவிலிருந்து திரும்பும்போது ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கி வருவார். அவருடைய உபயம். அந்தப் பெட்டி பக்கத்து சீட்டில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

"மலை ரோட்டு வளைவுல உருண்டா அடிபட்டுக் கறுத்துடும் பாப்பா. எனக்குத் தொப்பை இருக்கு, அடிபட்டாலும் தெரியாது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா கோயிலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் மடப்பள்ளியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்... படிப்பது போல. உண்மையில் மாமா செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பிளைத் தோல் சீவாமல் பொடியாக நறுக்கினார். பெரிய குவாலிச் சட்டியில் நெய், ஒரு சிட்டிகை உப்பு, மேலே மூடி. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தீயைக் குறைத்துவிட்டு, ஆப்பிள் தன் சாற்றிலேயே வெந்து குழையும்வரை காத்திருந்தார். பிறகு தனியாக வெந்துகொண்டிருந்த ரவையை அதில் கொட்டிக் கிளறினார். சீனி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒரு கிலோ பாக்கெட்டில் பாதிதான் போட்டார். மீதியை ரப்பர் பேண்ட் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

"மாமா, சீனி மறந்துட்டீங்க!"

"மறக்கலை. கத்தாத லா."

கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து என் கையில் வைத்தார். "இனிக்குதா இல்லியா?"

இனித்தது. உண்மையாகவே இனித்தது... ஆப்பிள் வாசத்தோடு.

"அப்புறம் என்ன?" என்றார். கொஞ்ச நேரம் கிளறிவிட்டு, அவராகவே சொன்னார். "இந்தத் தோட்டத்துல பாதிப் பேருக்கு இனிப்பு நீர். பிரசாதத்தை வேணாம்னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? உங்க அத்தையே ரெண்டாவது தடவ கை நீட்டுவா."

அத்தை என்றால் அவர் மனைவி, புஷ்பம் அத்தை. இனிப்பு நீரால், அதாவது சர்க்கரை வியாதியால், ஒரு கால் விரலை எடுத்துவிட்டார்கள். யாராவது ஞாபகப்படுத்தினால், "டாக்டர்தான் வேணாம்னாரு, ஆத்தா வேணாம்னு சொல்லலியே" என்று இரண்டாவது கப்பும் வாங்கிக்கொள்வார்.

வேறு யாருக்கும் இது தெரியாது. எல்லோரும் சாப்பிட்டார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

போன வருஷம் நான்தான் எழுதினேன். இதே முகநூலில், மாமா குவாலி முன்னால் நிற்கும் போட்டோவோடு. ஆப்பிள் எப்படி வேகிறது, சீனி எவ்வளவு குறைகிறது, எல்லாம் விவரமாக. அவரைப் பாராட்டத்தான் எழுதினேன். நீங்களும் நிறைய லைக் போட்டீர்கள். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் ஒருவர், "அதான் சப்புன்னு இருந்துச்சா?" என்றார். முந்தின வாரம் மூன்று கப் சாப்பிட்டவர்.

கோயில் தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஆத்தாவுக்கு வைக்கிறதுலயா மாணிக்கம் கஞ்சத்தனம்?"

மாமா அத்தை பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அத்தை பக்கத்தில்தான் நின்றார். மாமா மடப்பள்ளிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதிலிருந்து வேறு ஆட்கள் செய்தார்கள். ரவை, சீனி, கலர்... ஆப்பிள் கிடையாது.

நான் மாமாவைப் பார்க்கவே பயந்தேன். ஒருநாள் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே லோரியை ஓரம்கட்டினார். "நல்லாத்தான் எழுதியிருந்த பாப்பா. போட்டோதான் சரியில்ல. என்னைவிடக் குவாலி அழகா இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், சிரித்துவிட்டேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, அவர் கிளம்பிவிட்டார்.

அப்புறம் எத்தனையோ வெள்ளிக்கிழமை... இந்த வாரம் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் கோயில் வெளிச்சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பார். நான் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தலைவரும் வந்திருந்தார், தலையைக் குனிந்துகொண்டு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் "அத்தை, அந்தப் போஸ்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எழுதினப்புறம்தான், ஆயி, எனக்கே தெரியும்," என்றார் அத்தை. "கிளினிக்குல இனிப்பு நீர் குறைஞ்சிருக்கு குறைஞ்சிருக்குன்னு சொல்வாங்க. ஆத்தா குறைக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். இந்த மனுஷன் அதையும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்திருக்காரு பாரு..."

அவர் சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேசரியின் வாசம் வேண்டும் போல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மடப்பள்ளி முழுக்கப் பரவி, வெளியே பனிக்குள் போகுமே, அது.

நாளை மதியம் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

மாமா, போன தடவையும் உங்களைக் கேட்காமல்தான் எழுதினேன். இப்போதும் கேட்காமல்தான் எழுதுகிறேன்... மன்னித்துவிடுங்கள்.

போய்வாருங்கள் மாமா.