பாக்கெட்டுக்கு இருபது உருண்டை

எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடி அண்ணாமலையில் என் மருமகள் கலா பிடிக்கும் கடலை உருண்டைகளை நான்தான் பாக்கெட்டில் போடுவேன். பாக்கெட்டுக்கு இருபது. கிரிவலம் வருபவர்கள் எண்ணித்தான் வாங்குவார்கள்.

உருண்டை பிடிக்கும் இயந்திரத்துக்கு அவள் அரசு மானியம் கேட்டிருந்தாள். அது கிடைத்தால் செங்கம் சாலைக் கடைகளுக்கும் அனுப்பலாம். பார்வையிட வந்த பெண் அதிகாரி ஐந்து பாக்கெட்டுகளைத் தராசில் வைத்தார். உறையில் இருநூறு கிராம் என்று அச்சிட்டிருந்தோம். இரண்டில் எடை கூடுதல், மூன்றில் குறைவு.

"எண்ணிப் பாருங்கம்மா, ஒண்ணு கொறைஞ்சாலும் என்னைக் கேளுங்க" என்றேன்.

"எண்ணிக்கை சரிதாங்க ஐயா. எடைதான் கம்மி. கடைக்குப் போனா திரும்பி வந்துடும்."

"தராசு வாங்கலாம்னு அப்பவே சொன்னேன். மாமாதான் என் கண்ணே தராசுன்னாரு" என்றாள் கலா.

"மானியம் போச்சாம்மா?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"இன்னும் போகலைங்க. இதுக்கு மூணு நாள் பயிற்சி இருக்கு. முடிச்சு, எடையைச் சரி பண்ணுங்க. மறுபடி வந்து பாக்குறேன். யாரு வர்றீங்க?"

"தப்பு பண்ணவன்தான் வரணும். எழுபத்திரண்டு வயசு, பரவாயில்லையா?"

"பென்சில் பிடிப்பீங்கல்ல? போதும்" என்று சிரித்தார்.

அன்று மாலையே மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி, விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த தொண்ணூற்றாறு பாக்கெட்டுகளையும் பிரித்தேன். எண்ணிக்கை தவறாதவன் யாரையும் ஏமாற்றுவதில்லை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். சிலவற்றில் இருபத்தொன்று போட வேண்டியிருந்தது. ஒன்றில் பத்தொன்பதிலேயே முள் இருநூறைத் தொட்டது. இருபதாவது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை அடுத்த பாக்கெட்டில் போட்டேன்.