உப்புத் தண்ணீரில் ஒரு வெற்றிலை

சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவில், ஹட் பே ஊரில், கடல் தண்ணீர் புகுந்து வாடிக் கிடந்த என் வெற்றிலைத் தோட்டத்துக்கு வந்த அதிகாரிகள் எல்லாரும் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தோட்டம்தான் எங்கள் சோறு. அதனால் விவசாயத் துறையிலிருந்து வந்த அந்த அம்மாளை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒல்லி உடம்பு, சேறு அப்பிய ரப்பர் செருப்பு, கையில் மைக்ராஸ்கோப் பெட்டி.

"நாளைக்குக் கொடியெல்லாம் பிடுங்கப் போறேன் மேடம். சும்மா பெட்டியைத் தூக்கிட்டு அலையாதீங்க."

"பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்கண்ணா."

வெற்றிலையின் தோலை மெல்லிசாக உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்தார். குனியும்போதெல்லாம் இலையிடம், "இருக்கியா?" என்று கேட்பார். பைத்தியம் என்றே நினைத்தேன்.

நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது செங்கல் அடுக்கியதுபோல் அறைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு செல்லாம். ஓரத்தில் இருந்த உருண்டை உட்கரு என்றார். மீதி இடம் முழுக்கத் தண்ணீர்ப் பை. கடல் புகுந்து உப்பாகிப்போன என் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டார். பை சுருங்கிச் சுவரை விட்டு விலகியது.

"செத்துருச்சா?" என்றேன்.

"இல்லண்ணா. சுவருக்கு உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கு. அது தண்ணியை விடும், உப்பை லேசுல விடாது. உயிர் இருக்கிற வரைக்கும் காவல் காக்கும்."

பிறகு மழைத்தண்ணீர் விட்டார். பை மெதுவாக உப்பி மறுபடி சுவரைத் தொட்டது. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எனக்கு மறந்துபோனது.

கொடியைப் பிடுங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருந்தேன். பாதிக்கு மேல் செத்தது, மீதி துளிர்த்தது. அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போதும் வெற்றிலை கிள்ளும் முன், "இருக்கியா?" என்று கேட்கிறேன். என் பெண்டாட்டி சிரிக்கிறாள். அவள் அந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை.