மால்டாவுக்குப் போகும் சுழியோடிகளுக்கு

போரால் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போவது தடைசெய்யப்பட்டிருந்த காலம். மீறிப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. எங்கள் மகனும் போவேன் என்று நின்றான். அவனைச் சுற்றுலாச் சுழியோடி என்று சொல்லி மால்டாவுக்கு அனுப்பக் கொழும்பில் ஒரு முகவர் ஒப்புக்கொண்டார். மால்டாவில் கடலடிக்கு இறங்கப் போகும் சுழியோடிகளுக்கென்று அவர் கொடுத்தனுப்பிய சிறிய ஆங்கிலப் புத்தகத்தை, குருநகரில் ஆங்கிலம் படிப்பித்த நான்தான் அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

குளிர்காலத்தில் தடித்த உடுப்பு வேண்டும். கடலடியில் கிடக்கும் பழம்பொருளை எடுக்கக்கூடாது. சுழியோடிய மறுநாள்வரை விமானம் ஏறக்கூடாது. காதில் பழுதுள்ளவர்கள் நீரில் இறங்கக்கூடாது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

சங்கு குளிக்கப் போய் அவனுடைய இடது காது உடைந்து, கேட்காமல் போயிருந்தது. எங்கள் கரையில் அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. உடைந்தபின் ஆழத்தில் நோகாது என்பார்கள். காது உடைந்த அன்று அவனுடைய சித்தப்பா சிரித்து முதுகில் தட்டினார்.

விமான நிலைய அதிகாரியைப் போல நான் கேட்டேன். "உமக்கு நோய் வருத்தம் ஏதும் இருக்கோ?"

"இல்லை. ஒரு காது உடைஞ்சிட்டுது. இனி எவ்வளவு ஆழமும் போவன்."

"ஐயோ, உதைச் சொல்லிப் போடாதை!"

"அவனுக்கு என்ரை காதிலை என்ன அலுவல், அம்மா? சங்கு எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுறன்."

"வலது காதை அவன்ரை பக்கம் வைச்சுக்கொண்டு நில். விளங்காட்டில் சும்மா சிரிக்காதை, திருப்பிக் கேள்."

"ஓம் ஓம், டீச்சர்."

கடைசிப் பக்கத்தில், மால்டாவில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடும் என்றிருந்தது. எங்கள் ஊர் மாதிரியே. வீதியில் இறங்கினால் முதலில் வாகனம் வருவது வலப்பக்கமிருந்துதான். கேட்கும் காது அந்தப் பக்கம். அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

கொழும்புக்குப் போகக் கொடிகாமம் சந்தையடியில் வான் ஏறினான். அவனுக்கு இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

சில கிழமைகளின் பின் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தினார்.

"சந்தோசமான செய்தி, டீச்சர். எயார்போட்டிலை அதிகாரியள் அவனிட்டை ஒண்டும் கேக்கேல்லையாம். மால்டாவிலை இருந்து வெளிக்கிட்டு இப்ப ஜேர்மனியிலை நிக்கிறான்."

என் கணவர் மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனார். நான் வந்தவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

"ஜேர்மனியிலை வாகனம் எந்தப் பக்கத்தாலை ஓடும், தம்பி?"

"வலப்பக்கத்தாலை. வீதியிலை இறங்கேக்கை இடப்பக்கம்தான் முதல் பாக்கோணும். ஏன் டீச்சர்?"

"சீனி காணுமோ?" என்றேன்.