தலை குனிந்த ஆறு படங்கள்

எங்கள் அப்பாவைப் படம் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். புக்கிட் ரோத்தான் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் காவல். படம் ஒட்டிய அடையாளக் கார்டு இல்லாமல் பெரியவர்கள் வெளியே போக முடியாது. அம்மாவோ கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள். பத்து வயதான எனக்குக் கார்டு தேவையில்லை. ஆனால் தனியாக யார் விடுவார்கள்?

டவுனிலிருந்து ஒரு பாய் கேமராவோடு வந்து ஆபீஸ் வாசலில் படம் பிடித்தார். வெள்ளைக்காரத் துரை அவர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிவது எங்கள் லயத்துக் குடியிருப்பின் பழக்கம். மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். அப்பாவால் முடியவில்லை. "நேரா பாருங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி பாய் ஆறு முறை எடுத்தார்.

மறுவாரம் படங்களைக் கழுவிக் கொண்டுவந்தார். ஒன்றில் மூடிய கண், ஒன்றில் நெற்றி, ஒன்றில் வெறும் உச்சந்தலை. ஒன்றும் உருப்படவில்லை. பாய் அவற்றை வரிசையாக அடுக்கிக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டார். படங்களுக்குள் அப்பா என் கண்ணெதிரே குனிந்தார்.

"பாத்தியா பாப்பா, இதான் சினிமா. மொதல்ல அசையாத படந்தான் இருந்துச்சு. ஓடுற குதிரைய ஒருத்தன் வரிசையா படம் புடிச்சான். அப்புறந்தான் படமே ஓட ஆரம்பிச்சுது."

"எங்கப்பா ஓட வேணாம் பாய். அசையாம நின்னா போதும்."

அவர் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. அம்மாவைப் பார்த்துப் பத்து நாளாகியிருந்தது.

அப்பாவை மறுபடி நிற்கவைத்தார்கள். துரையும் மறுபடி வந்து நின்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"தொரை, நீங்க கொஞ்சம் அந்தாண்ட போங்க. நீங்க நின்னா எங்கப்பா தலைய தூக்க மாட்டாரு."

வேலை வாங்கும் மண்டோருக்கு முகம் வெளுத்துவிட்டது. துரைக்குத் தமிழ் தெரியும். ஆபீஸுக்குள் போனார். அப்பா என்னைத் திட்டுவதற்காக நிமிர்ந்தார். பாய் எடுத்துவிட்டார்.

கார்டு வந்த அன்றே கிளம்பினோம். கேட்டில் சிப்பாய் கார்டை வாங்கி, படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பார்த்து என்ன பயன்? துப்பாக்கியைக் கண்டதுமே அப்பா துண்டை அவிழ்த்துக் குனிந்துவிட்டார். ஆள் இவர் இல்லை என்பதுபோல் சிப்பாய் தலையாட்டிக் கார்டைத் திருப்பி நீட்டினான். வெளியே பஸ் புறப்படத் தயாராக நின்றது.

இரண்டு கையாலும் அப்பாவின் தாடையைப் பிடித்துத் தூக்கினேன்.

"அம்மா காத்துக்கிட்டிருக்குப்பா."

சிப்பாய் பார்த்து முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.