துணைக்குப் போனவளுக்குக் கிடைத்த இடம்

என் மாமா மகளுக்கும் எனக்கும் ஒரே வயசு. அவள் பேராவூரணித் தென்னந்தோப்பில் வளர்ந்தவள், நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்காட்டுக்காரி. அவள் சிரித்தால் வீட்டுக்கு வந்த விருந்தாளி இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார். நான் பேச ஆரம்பித்தால் எழுந்துவிடுவார். அதெல்லாம் பழகிப்போன வயிற்றெரிச்சல். மெட்ராஸ் கல்லூரி விஷயத்தில் எரிந்தது வேறு.

நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரில் சம்பா அறுப்பு கூலித் தகராறில் அப்படியே நின்றுபோனது. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்கப் பார்த்தார்கள், சங்கத்து ஆட்கள் மறித்தார்கள், போலீஸ் வேன் வந்து கோயில் வாசலில் நின்றது. நெல்லோ முற்றி வயலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம்தான், இருந்தாலும் தாலுகா ஆபீஸ் பேச்சுவார்த்தைக்கு அவரும் போனார். நான் அடம்பிடித்துக் கூடப் போய் ஜன்னலோரம் நின்றேன். ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிர்ப்பக்கம் சங்கத்துக்காரர்கள், நடுவில் தொழிலாளர் இலாகா அதிகாரி ஒருவர். கத்துகிற இரண்டு பக்கமும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி எனக்கு வேணும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

தொழிலாளர் உறவுக்கென்று மேல்படிப்பு திருச்சியில் ஒரு கல்லூரியிலும் மெட்ராஸில் ஒரு கல்லூரியிலும் இருந்தது. திருச்சியில் எல்லாம் புத்தகத்தோடு சரி. மெட்ராஸில் வாராவாரம் தொழிற்சாலைக்கே அனுப்புவார்களாம், நிர்வாகமும் யூனியனும் பேசுகிற அறையில் உட்காரவும் விடுவார்களாம். இதைக் கேட்டபிறகு திருச்சி எனக்கு எதற்கு?

ஆனால் எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளையைத் தனியாக வெளியூர் ஹாஸ்டலில் விடுகிற வழக்கம் கிடையாது. சொந்தத்தில் இன்னொரு பெண் துணைக்கு வரணும். "துணை இருந்தா டெல்லிக்கே போ. இல்லன்னா மன்னார்குடியில டைப்ரைட்டிங் கத்துக்க," என்றார் அப்பா. நான் பேராவூரணிக்கு பஸ் ஏறினேன்.

மாமா மகள் குப்புறப் படுத்து வாரப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெட்ராஸுக்குப் படிக்க வர்றியாடி?"

"என்ன படிப்பு?"

"தொழிலாளர் உறவு."

"அப்படின்னா?"

"வந்து தெரிஞ்சுக்க."

"சரி, வர்றேன்," என்றாள். சினிமாவுக்குக் கிளம்புகிற மாதிரி. அவளுக்கும் சேர்த்து இரண்டு கல்லூரிக்கும் மனுப் போட்டது நான்தான்.

மெட்ராஸ் இன்டர்வியூவுக்கு மாமா கூட்டிப்போனார். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் ஜில்லாவில் அப்போது வாயுள்ள பிள்ளைகள் எல்லாம் கட்சி மேடையைக் கேட்டு வளர்ந்தவர்கள். கல்யாண வாழ்த்திலிருந்து கடைத் திறப்பு வரைக்கும் அடுக்குமொழிதான். நான் பேச்சுப் போட்டியில் கோப்பை கோப்பையாக வாங்கியவள். "உங்க ஊர்ல அறுப்பு ஏம்மா நின்னுச்சு?" என்று ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "உழைப்பவன் உள்ளம் உலைக்களமாய்க் கொதித்ததால்! உரிமைக்குரல் ஊரெங்கும் ஓங்கி ஒலித்ததால்!" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முழங்கி முடித்துக் கைதட்டலுக்காக நின்றேன். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர், "உட்காருங்கம்மா," என்றார்.

அவளிடம் என்ன கேட்டார்கள் என்பதைத் திரும்பும்போது ரயிலில் கடலை கொறித்துக்கொண்டே சொன்னாள். "உங்க தோப்புல தகராறு வந்ததுண்டான்னு கேட்டாங்கடி. தேங்காய் பறிக்கிற ஆளுங்க ஒருநாள் வேலைக்கு வரல, அப்பா கத்தினார், அவங்களும் கத்தினாங்க, அம்மாதான் எல்லாருக்கும் டீ குடுத்துட்டு, 'என்னதான் கேக்கறீங்க?'ன்னாங்க, அதுவரைக்கும் யாருமே அதைக் கேக்கலன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க." எதிரே இருந்த மாமாவும் சிரித்தார். எனக்குக் கடலை இறங்கவில்லை.

மெட்ராஸில் அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கு இல்லை. திருச்சியில் இரண்டு பேருக்கும் கிடைத்தது.

அந்தப் படிப்பின் பெயரைக்கூட என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்! ஒரே ஒரு ஆறுதல், நான் இல்லாமல் அவளையும் அனுப்ப மாட்டார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தத் துணை வழக்கத்தின் மேல் எனக்குப் பாசம் வந்தது. அதிலும் மண் விழுந்தது. மாமா வந்து அப்பாவிடம், "காலம் மாறிப்போச்சு மாப்ளே, தனியாவே அனுப்பிடறேன்," என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார். எனக்கென்றால் மாறாத காலம் அவளுக்கென்றதும் மாறிவிட்டதா? கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் அப்பாவின் வேட்டியைக் கிழிகிற மட்டும் அடித்தேன்.

அடுத்த வாரம் அவளே வந்தாள். பையை இறக்கி வைப்பதற்கு முன்னால், "மெட்ராஸ் வேணாம்னு எழுதிப் போட்டுட்டேண்டி," என்றாள். "நீ இல்லாத ஊர்ல எனக்கென்ன வேலை? நாம திருச்சிக்கே போவோம்."

அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "என் அண்ணன் பொண்ணு மனசைப் பாருடி!"

நான் ஏங்கிச் செத்த இடத்தை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவள் போயிருந்தாலாவது ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டு கிடந்திருப்பேன்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று கத்தினேன். "எப்பேர்ப்பட்ட இடம்! யாருக்குடி கிடைக்கும்? எவளோ ஒருத்தி போய் உட்காரப் போறாடி அதுல!" சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவள் கண்ணும் கலங்கிவிட்டது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எனக்குப் போச்சேன்னு இவ்வளவு வருத்தப்படறியேடி," என்றாள்.

கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். பாவி மகள், திட்டுவதற்குக்கூட வழி வைக்கவில்லை.