வீங்கிய கைக்கு வளையல்

பிரசவ வார்டு நர்ஸ் என்றால் நாள் முழுக்க ஸ்வீட் பாக்ஸ் வாங்கும் வேலை என்று ஊர் நினைக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பகலாவது காத்துக் கிடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரேவதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை

ரேவதிக்கு ஒன்பதாம் மாதம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மா கன்னியம்மாவோடு செக்கப்புக்கு வந்தாள். முகம் உப்பியிருந்தது. பிரஷர் எகிறியிருந்தது. தலைவலி விடவே இல்லை என்றாள். இது முற்றினால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து, இப்போதே சேருங்கள் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, மண்டபம் பேசியாயிற்று, முடித்துவிட்டு வருகிறோம் என்றார் கன்னியம்மா. ரேவதியின் காலை அழுத்திக் காட்டினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. கன்னியம்மா சிரித்தார்.

"கால் இப்டி வீங்கிக்கினு கீதுன்னா ஆம்பளப் புள்ள சிஸ்டர், நீ பயந்துக்காத."

ஆட்டோ சாவி

திங்கட்கிழமை காலை ஆட்டோவில் வந்தார்கள். கேட்டுக்குள் நுழையும்போதே வலிப்பு. இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று டிரைவர் வண்டிச் சாவியை உருவி அவள் கையில் திணித்திருக்கிறார். வலிப்பு இரும்புக்கெல்லாம் நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மெக்னீசியம் ஊசி போட்டோம். வெளியே ஆம்புலன்ஸ் ஹாரன் விடாமல் அடித்தது. டிரைவர் வார்டு வாசலில் தயங்கி நின்றார்.

"சாவி அந்தப் பொண்ணு கையிலயே கீது சிஸ்டர், வண்டி வழிய மறிச்சிக்கினு நிக்குது."

முட்டியில் தட்டு

மெக்னீசியம் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். முட்டியில் தட்டும்போது கால் துள்ளினால் அளவு சரி. நான் சுத்தியலும் கையுமாக நின்றதைப் பார்த்து, தி.நகர் ஜவுளிக்கடையிலிருந்து ஓடிவந்திருந்த அவள் கணவர் சேகர் குழம்பிப்போனார்.

"வலிப்பு தலையிலதான மேடம் வந்துச்சு, முட்டியில ஏன் தட்றீங்க?"

கண்ணாடி வளையல்

முந்தின நாள் போட்ட வளையல்கள் இரண்டு கையிலும் சதைக்குள் புதைந்திருந்தன. மறுபடி வலிப்பு வந்தால் கண்ணாடி கையைக் கிழித்துவிடும். சோப்பு தடவியும் கழலவில்லை. உடைக்கக் கூடாது, தாலிக்கு ஆகாது என்று கன்னியம்மா மகளின் கைகளைப் பொத்திக்கொண்டார். சேகர்தான் மாமியாரை வெளியே அழைத்துப் போனார். துணி சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தோம்.

பிரஷர் கொஞ்சம் இறங்கியதும் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நன்றாக அழுதது. ரேவதி அதைப் பார்க்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

கன்னியம்மா அழவில்லை. சுமங்கலியாகப் போகிறவளை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று என்னிடம் வந்தார்.

"எந்த சைஸ் வாங்கட்டும் சிஸ்டர், அவளோட பழைய சைஸா, இப்ப கீற சைஸா?"

வீங்கிய காலைப் பார்த்துப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்ல ஊரே இருக்கிறது; தலை வலிக்கிறதா என்று கேட்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.