அக்கா தைக்காமல் விட்ட பக்கம்

முதலில் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அரிசி ஆலையில் மூட்டைகளின் வாயைத் தைப்பதும், அவற்றின்மேல் மையால் ஊர்ப் பெயர் எழுதுவதும் என் வேலை. அதனால் தாளில் எழுதினாலும் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வருகிறது. முதல் பக்கத்தைப் பார்த்த என் மகள், "இன்னா நைனா, இது எந்த ஊர் லோடு?" என்று கேட்டாள். பிழைகளைத் திருத்தித் தருவதாகவும் சொன்னாள். அவள் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் என்னுடையவை.

கருமகாரியத்தன்றே இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கூரத்திலிருந்து வந்திருந்த மாமா எழுதச் சொன்னார். உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உறவினர்களில் சிலர் அதைக் கவனித்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். அன்று முதல் காதில் பஞ்சு அடைத்தது போலவே இருக்கிறது. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முதல் வருட நினைவு நாள் நெருங்கிவிட்டதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் அக்கா ஐயங்கார்குளத்தில் பிறந்தவர். அப்பா அங்கே இன்னொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துபோனார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். அம்மா முகம் எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு குறையாகத் தோன்றாதபடி அக்கா பார்த்துக்கொண்டார்.

அக்காவைத் தென்னேரியில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் நல்லவர், ஆனால் ஆயுசு இல்லை. பிள்ளைகளும் இல்லை. அக்கா ஒரு தகரப்பெட்டியோடு உத்திரமேரூரில் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது கல்யாணம் ஆன புதிது. என் மனைவி தேவகியிடம் அக்கா அன்று சொன்னது ஒன்றுதான். "சமையல் உன்னுது. எனுக்கு எதனா தைக்கக் குடு, போதும்." கடைத்தெருவில் ஒரு தையற்கடையிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கிவந்து ஊக்கு வைத்து, விளிம்பு மடித்துத் தைத்துக் கொடுப்பார். இருவருக்கும் இடையில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வந்தது. ஆனால் மாலைக்குள் முடிந்துவிடும்.

ஒரு மழை வருஷத்தில் ஏரிக்கரைக் குடிசைகளில் தண்ணீர் புகுந்து, அங்கிருந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஊரில் எல்லோரும் சோறு கொண்டுபோனார்கள். அக்காவும் போனார். திரும்பி வந்து, "சோறு மீந்து போச்சு. ஆனா குயந்தைங்க வெறும் சிமெண்ட் தரையில கீதுங்க" என்றார். அன்று தன் பழைய புடவைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டார். அதுதான் முதல் போர்வை.

அடுத்ததற்குப் பக்கத்து வீட்டுச் சரோஜா அண்ணி உட்கார்ந்தார். பிறகு மசூதித் தெரு அமீனாம்மா வந்தார். அப்புறம் நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஊரில் இவர்களுக்குப் போர்வைக் கூட்டம் என்று பெயர் வந்துவிட்டது. பெரிய தெருவில் உள்ள கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அதனால் ஆடியிலும் மார்கழியிலும்தான் போர்வைகள் அதிகம் முடியும். ஊரெல்லாம் எப்போது தை பிறக்கும் என்று பார்த்தால், இவர்கள் மட்டும் மார்கழி இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்பார்கள். செங்கல் சூளைகளுக்கும், ஏரிக்கரைக்கும், பேருந்து நிலையத்தில் படுப்பவர்களுக்கும் அந்தப் போர்வைகள் போயின. எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணக்கூடாது என்பார் அக்கா.

இவர்கள் தைக்கும் முறையைச் சொல்லவேண்டும், பின்னால் நடந்தது அப்போதுதான் புரியும். போர்வையைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் நான்கு பேர் உட்காருவார்கள். ஓரத்தில் தொடங்கி, உள்நோக்கித் தைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். ஒருவர் தொடங்கிய பக்கத்தில் இன்னொருவர் ஊசி வைக்கக்கூடாது. ஒவ்வொருவர் கைக்கும் இழுப்பு வேறு என்பதால், பாதியில் கை மாறினால் துணி சுருங்கிவிடும். "ஒரு பக்கம், ஒரு கை" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொன்று, எவ்வளவு அவசரமானாலும் முடியாத போர்வையை அக்கா கொடுத்ததில்லை. சூளையிலிருந்து ஒருவர் வந்து, "மிச்சத்த நாங்களே தச்சிக்கிறோம்மா" என்று கெஞ்சியபோதும், "குந்து, டீ சாப்புடு, முடிச்சே தரேன்" என்றுதான் சொன்னார்.

கடைசி வருடம் அக்காவுக்குக் கால் வீங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். மண்டபத்துக்கு நடக்க முடியாததால் எங்கள் வீட்டிலேயே போர்வையை விரித்தார்கள். ஐப்பசியில் ஏரிக்கரைக்காக ஒன்றை ஆரம்பித்தார்கள். சரோஜா அண்ணி, அமீனாம்மா, தேவகி மூவரும் தங்கள் பக்கத்தை முடித்துவிட்டார்கள். அக்கா ஓரத்தில் சிறிது தைத்து, விட்ட இடத்தில் ஊசியைக் குத்தி, சுருட்டி மூலையில் வைத்தார். "நாளிக்கி ஒக்காந்தா முடிஞ்சிடும்" என்று தேவகியிடம் சொன்னார். மறுநாள் காலையில் காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். நான் ஆலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பொத்தானோடு நின்றது நினைவிருக்கிறது.

எடுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாடையில் போட்ட வைக்கோல் நனைந்துவிட்டது. மாமா, "கீழ போட எதனா பழந்துணி கீதாடா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானே உள்ளே போய் மூலையில் இருந்த சுருட்டலை எடுத்துவந்து விரித்தார். மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அக்கா ஈரத்தில் கிடக்கக்கூடாது என்றுதான் அவர் செய்தார். நான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. மயானத்தில் இறக்கி வைத்தபோதுதான் பார்த்தேன். பாடையில் வரும் துணி மயானத்தில் வேலை செய்பவருக்கு உரியது. அந்த வேலையில் இருக்கும் ஏழுமலை அண்ணன் அதை உருவி, உதறி, கொட்டகைக்குள் வைத்தார்.

மறுநாள் பால் ஊற்றப் போனோம். அண்ணன் தகரக் கொட்டகையில் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். மூன்று பக்கம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தைக்காத பக்கத்தில் நான்கு புடவைகளும் தனித்தனியாகப் பிரிந்து காற்றில் ஆடின. எங்கள் வீட்டிலிருந்து முடியாமல் போன போர்வை அது ஒன்றுதான். இரண்டு மழை பெய்தால் மொத்தமும் பிரிந்துவிடும். அக்காவின் கடைசி வேலை அப்படிப் போகக்கூடாது என்று தோன்றியது. அந்த நாட்களில் எனக்குத் தெளிவாகத் தோன்றியது அது மட்டுமே.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா நைனா, எதனா மறந்துட்டியா?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"அண்ணா, அந்தப் போர்வ..."

அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பாடையில வந்தது எனுக்குத்தான். திருப்பிக் கேட்டா எப்டி?"

"கேக்கல. அது இன்னும் முடியல. ஒரு பக்கம் தைக்கணும்."

"தெரியும். அந்தப் பக்கமாத்தான் காத்து பூருது. ஊசி வேற வுட்டுட்டுப் போயிகீறாங்க உங்கக்கா. முதுவுல சுருக்குன்னுச்சு. தோ, கூரையில சொருவி வச்சிகீறேன்."

"குடுங்கண்ணா, வூட்ல தச்சி எடுத்தாறேன்."

அவர் சிரித்தார். "இங்கந்து போற துணிய உங்க தெருவுல வுடுவாங்களா? முனையிலயே எவனாவது புடுங்கிக் கொளுத்துவான். அப்புறம் நான் இன்னாத்தப் போத்திக்கிறது?" கொஞ்ச நேரம் அக்கா எரிந்த இடத்தையே பார்த்தார். "ஊருக்கெல்லாம் போத்திவுட்ட மகராசி. எனுக்கு மட்டும் செத்துத்தான் தரணும்னு இருந்துகீது பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அக்காவுக்கும் சரி, எங்களில் யாருக்கும் சரி, அவர் நினைவு வந்ததில்லை.

கருமகாரியம் முடிந்த பிறகு சரோஜா அண்ணியும் அமீனாம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். நான் சொன்னேன்.

"பாடையில அத்தப் பாத்ததும் எனுக்கு நெஞ்ச அடச்சிகிச்சி. நீதான் ஆசையாப் போட்டனுப்புறேன்னு நெனச்சி வாய மூடிக்கினேன்" என்றார் சரோஜா அண்ணி.

"நான் நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் தேவகி.

"நல்லா நெனச்சீங்க எல்லாரும்" என்றார் அமீனாம்மா. "இப்ப அது பொளந்த வாயோட கீது. இன்னா பண்றது?"

"இன்னா பண்றதா? பொம்பளைங்க வளைவத் தாண்டி அங்க போவ முடியுமா? துணியும் ஊருக்குள்ள வராது" என்றார் சரோஜா அண்ணி.

"வளைவு வரைக்கும் நாம போலாம் இல்ல?"

"போலாம்."

"துணி அங்க வரைக்கும் வரலாம் இல்ல?"

சரோஜா அண்ணி யோசித்தார். "தீட்டுத் துணியாச்சேடி. தொடணுமே."

"தொட்டுட்டு வந்து குளி. இன்னிக்கி ஒரு நாளாவது குளிச்ச மாதிரி இருக்கும்."

அக்கா போன பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மயானத்துக்குப் போகும் பாதை ஏரிக்கரையோரம் திரும்புகிற வளைவில் ஒரு சிறுபாலம் இருக்கிறது. சாவு ஊர்வலத்தில் பெண்கள் அதுவரை வந்து, அழுது, திரும்பிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மாலை மூன்று பெண்களும் கோணிப்பை விரித்து அங்கே உட்கார்ந்தார்கள். நான் போய்ச் சொன்னதும் ஏழுமலை அண்ணன் போர்வையோடு வந்தார். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஒரு முனையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தார்.

போர்வையை விரித்தோம். சரோஜா அண்ணி, அமீனாம்மா, தேவகி மூவரும் தாங்கள் முடித்த பக்கங்களில் தாங்களாகவே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது பக்கம் காலியாக இருந்தது. யாரும் எழுந்து அங்கே போகவில்லை.

"ஒரு பக்கம் ஒரு கைன்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டுப் பூட்ச்சு. இப்ப எவ கை வைக்கிறது?" என்று சரோஜா அண்ணி கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ குந்து. ஒரே ரத்தம். கையும் அதே மாதிரிதான் இருக்கும்."

ஏழுமலை அண்ணன் மடியிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். தேவகி நூல் கோத்தாள். நான் உட்கார்ந்தேன்.

கை அதே மாதிரி இல்லை. நான் கோணி ஊசியும் சணலும் பிடித்தவன். மூட்டை வாயை இழுத்துக் கட்டுகிற கை எனக்கு. இரண்டு வரிசை போவதற்குள் அக்கா தைத்திருந்த ஓரத்துக்குப் பக்கத்தில் துணி சுருங்க ஆரம்பித்தது.

"இன்னா நைனா, நெல்லு மூட்டையா? நான் உள்ள மூச்சு வுடணும்பா" என்றார் ஏழுமலை அண்ணன்.

"இயுக்கட்டும் வுடுங்க. எது பிரிஞ்சாலும் இது பிரியாது" என்றார் அமீனாம்மா.

துணி மேலும் சுருங்காமலிருக்க மூன்று பெண்களும் என் பக்கமாக நகர்ந்து வந்து, உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் என் பக்கத்தில் ஊசி வைக்கவில்லை. நான் தைத்தேன். துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஊசி உள்ளே போவதும் வெளியே வருவதும் மட்டும் தெரிந்தது. நடுவில் மற்றவர்களின் தையலைத் தொட்டதும் முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தேன்.

ஏழுமலை அண்ணன் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் குட்டையாகி முனை மேலே ஏறியிருந்தது. சரோஜா அண்ணி வெட்கப்பட்டு, "வேற ஒன்னு புதுசா தச்சித் தரோம்ண்ணா" என்றார்.

"குடுக்கறதுன்னா குடுங்க. அதுக்காவ இத்தத் தரமாட்டேன்" என்று சொல்லி, உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வளைவிலிருந்து திரும்பும்போது பின்னால் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். பெண்கள் பார்க்காமல் நடந்தார்கள். நான் பார்த்தேன். காற்று பலமாக இருந்தது. போர்வையில் எதுவும் தனியாக ஆடவில்லை.

ஏரிக்கரைக்குச் சொல்லியிருந்த போர்வையை வேறாகத் தைத்துக் கொடுத்துவிட்டோம். மார்கழியில் ஏழுமலை அண்ணனுக்குப் புதிய போர்வையும் போனது. கூட்டம் இப்போதும் நடக்கிறது.

அக்காவின் கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும், எல்லாக் காரியத்தையும் முன்நின்று நடத்திய மாமாவுக்கும், கூடத்தைத் திறந்துவிடும் மண்டபத்தாருக்கும், பழம்புடவை தந்து கொண்டிருக்கும் வீடுகளுக்கும், சரோஜா அண்ணிக்கும், அமீனாம்மாவுக்கும், அக்காவுக்கு மகளைப் போல் இருந்த என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஏழுமலை அண்ணனுக்கும் நன்றி. இந்த மலரை அவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.

உத்திரமேரூர்,
புரட்டாசி மாதம், இரண்டாம் சனிக்கிழமை.